தில்பசந்த் வந்த வழி

ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவியில் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பேருந்தை விட்டு இறங்குகிற பிரயாணியை, அவன் எந்தக் காரியமாக அந்த ஊருக்கு வந்தவனாக இருந்தாலும் சரி, எவர் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டியவனாக இருந்தாலும் சரி, முதன்முதலில் எதிர்கொண்டு அழைப்பது ஒரு வாசனைதான். மைதா மாவும் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் அடுப்பின் சூட்டில் ஒன்றோடொன்று கலந்து, மேல்தோல் பொன்னிறமாகச் சிவக்கும் தறுவாயில் எழுகிற அந்த வாசனை, சாலைப் புழுதியையும் டீசல் புகையையும் தாண்டி வந்து, ஓசூரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேலாகக் குலுங்கிக் களைத்த உடம்பைத் தட்டி எழுப்பிவிடுகிறது. சென்ற மாதம் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போன நானும் அதற்குக் கட்டுப்பட்டு, போக வேண்டிய தெருவுக்குள் நுழையாமல், கடைத்தெருவில் இருந்த ஒரு சிறு பேக்கரியின் முன் போய் நின்றேன்.

வாசலில் பாய்லர், அதற்குப் பின்னால் டீ மாஸ்டர், பக்கவாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தட்டுகள், அவற்றின் மேல் நெய் பிஸ்கட்டும் தேங்காய் பிஸ்கட்டும் ரஸ்க்கும் நிறைந்த அகன்ற வாய் ஜாடிகள். இந்தப் பக்கத்தில் பேக்கரி என்றால் கேக் விற்கிற இடம் என்று மட்டும் பொருள் அல்ல. தேநீர் குடிக்க, பேருந்துக்குக் காத்திருக்க, நிலத் தகராறு பேச, பெண் பார்த்துவிட்டு வந்த சேதியைச் சொல்ல, எல்லாவற்றுக்கும் பேக்கரிதான். உள்ளேயிருந்து ஒரு பெரிய வட்டத் தட்டைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார் ஓர் இளைஞர். அதில் ஆவி பறக்கும் தில்பசந்த்.

"ஒரு துண்டு குடு தம்பி" என்றேன்.

"பத்து நிமிசம் இருங்க சார். சூடா இருக்கறப்ப கத்தி வெச்சா ஒதிர்ந்துடும். அதுக்குள்ள ஒரு டீ சாப்பிடுங்க."

விற்கிற சரக்கை உடனே விற்றுவிடாமல், அதற்குரிய பக்குவம் வரும்வரை வாங்க வந்தவனைக் காத்திருக்கச் சொல்லுகிற கடையைக் கண்டால் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது. காத்திருந்தேன். அவர் கத்தியை எடுத்து, சக்கரத்துக்கு ஆரம் போடுவதுபோல நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரே சீராக இழுத்து, முக்கோணத் துண்டு ஒன்றைச் செய்தித்தாளின் மேல் வைத்துக் கொடுத்தார். மேலே, தொட்டாலே பொடிந்துவிடும் மெல்லிய அடுக்குகள். கீழே, அதே மாவினாலான சற்று கனத்த தட்டு. இரண்டுக்கும் நடுவே, வேகும்போது தன் எண்ணெயைக் கக்கி அதிலேயே பதமான தேங்காய்த் துருவலும், அங்கங்கே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சிறு கட்டங்களும். முதல் கடியில் மேலடுக்கு நொறுங்கிச் செய்தித்தாளில் உதிர்ந்தது. உதிர்ந்த துகளை விரல் நுனியால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொள்வது அநாகரிகம் என்று யாராவது சொன்னால், அவர்கள் தில்பசந்த் சாப்பிட்டு வளரவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

தில் என்றால் இருதயம், பசந்த் என்றால் பிரியமானது. இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்த சொற்கள். உள்ளே மின்னுகிற வண்ணக் கட்டங்களுக்கு டூட்டி ஃப்ரூட்டி என்று இத்தாலிய மொழியில் எல்லாப் பழங்களும் என்று பொருள்படும் ஒரு பெயர் இருந்தாலும், அவற்றில் இருப்பது பெரும்பாலும் ஒரே காய்தான்: நம் வீட்டுக் கொல்லைகளில் காய்க்கிற பப்பாளி. பழுக்காத பப்பாளியைத் தோல் சீவி, சிறு சிறு கட்டங்களாக நறுக்கி, வேகவைத்து, சாயம் சேர்த்த சர்க்கரைப் பாகில் ஊறவைத்து உலர்த்தி எடுத்தால், குழந்தைகள் கேக்கிலிருந்து தோண்டித் தோண்டித் தின்கிற அந்த ரத்தினக் கற்கள் கிடைத்துவிடுகின்றன. பாரசீகப் பெயர், இத்தாலிய அலங்காரம், ஐரோப்பிய அடுப்பு, நம்முடைய தேங்காயும் பப்பாளியும் ஏலக்காயும்! கையகலத் துண்டு ஒன்றில் இத்தனை தேசங்கள் வந்து கூடியிருப்பதும், கூடியவை ஒன்றோடொன்று சண்டையிடாமல் இருப்பதும், எனக்கு எப்போது நினைத்தாலும் ஆச்சரியத்தைத் தருகின்றன.

கடையின் பெயர்ப்பலகையில், உரிமையாளர் தேர்ந்துகொண்ட தெய்வத்தின் பெயருக்குப் பிறகு, 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் 'அடுமனை' என்றும் எழுதியிருந்தது. அடுதல் என்றால் சமைத்தல்; அடுப்பும் அதே வேரில் பிறந்தது. ஆகையால் அடுமனை என்பது பொருத்தமான, அழகான சொல். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இதையே வெதுப்பகம் என்று சொல்லுகிறார்கள். அதுவும் அழகுதான். ஆனால் கல்லாவியில் என் கவனத்தைக் கவர்ந்தது அந்தப் பெங்களூர் என்ற சொல். சுற்றுவட்டாரத்து மாந்தோப்புகளில், கிளியின் மூக்கைப்போல நுனி வளைந்து நிற்கிற மாங்காய்க்குப் 'பெங்களூரா' என்று பெயர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு வண்டி வண்டியாகப் போகிற காய் அது. விளைவது இங்கே, பெயர் அங்கே. தோப்பில் இருக்கிற பெயர்தான் கடைத்தெருவிலும் தொங்குகிறது. பேக்கரியின் விஷயத்தில் அந்தப் பெயருக்கு உண்மையான ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1809ஆம் ஆண்டு பெங்களூரில் ஆங்கிலேயரின் படைமுகாம் ஏற்பட்டதுமுதல், சிப்பாய்களுக்கும் துரைமார்களுக்கும் தினமும் ரொட்டி சுட்டுக் கொடுக்க வேண்டிய அவசியம் அந்த ஊருக்கு உண்டாயிற்று. அந்த ரொட்டி முகாமின் எல்லைக்குள்ளேயே இருந்தது. பழைய ஊரின் பேட்டைகளில் வசித்த சைவ உணவுக்காரர்கள் அதை நெருங்கவில்லை. அந்த எல்லையைக் கடந்தவர், ஹாசன் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த திருமலாசார் என்ற ஐயங்கார். சகோதரர்களோடு சிறிய தின்பண்டக் கடை நடத்திவந்த அவருக்கு, கடைக்கு வாடிக்கையாக வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ரொட்டி சுடும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார் என்றும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில் சிக்கப்பேட்டையில் 'பெங்களூர் பிரதர்ஸ்' என்ற பேக்கரி அவ்வாறு பிறந்தது என்றும் அந்த வழியில் வந்தவர்கள் சொல்லிவருகிறார்கள். பிறகு அவர்களுடைய சுற்றத்தாரும் ஊராரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். விசுவேசுவரபுரத்தில் இன்றும் கூட்டம் நெரிகிற வி.பி. பேக்கரி 1953இல் தோன்றியது. கற்றுக்கொண்ட வித்தையை அவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. முட்டையை நீக்கினார்கள். பன்னுக்குள் வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் கொத்துமல்லியையும் சேர்த்துக் காரா பன் செய்தார்கள். கேக்கைத் தேன் கலந்த பாகில் நனைத்து, மேலே பழ ஜாமைத் தடவி, உலர்ந்த தேங்காய்த் தூளைத் தூவித் தேன் கேக் என்று வைத்தார்கள். ஐரோப்பியனுடைய அடுப்பில் மடைப்பள்ளியின் ருசியை ஏற்றிவைத்த காரியம் அது.

இதில் தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாத ஒரு செய்தி இருக்கிறது. ஹாசன் பக்கத்து ஐயங்கார்களில் பெரும்பாலோர் ஹெப்பார் ஐயங்கார்கள். இராமாநுஜர் மேல்கோட்டைக்கு எழுந்தருளிய காலத்தோடு தொடர்புபடுத்தித் தங்கள் பூர்விகத்தைச் சொல்லுகிற அவர்கள், பல நூற்றாண்டுகளாகக் கன்னட தேசத்திலேயே வாழ்ந்து, கன்னடத்திலேயே படித்து, கன்னடத்திலேயே வியாபாரம் செய்தாலும், வீட்டுக்குள் பேசுவது, கன்னடம் கலந்த ஒரு வகைத் தமிழ். எனவே, பல நூற்றாண்டுகளுக்கு முன் வடக்கே போன ஒரு தமிழ், வழியில் கன்னடத்தைக் கற்று, பிறகு ஆங்கிலேயனிடம் அடுப்பைக் கற்று, கையில் தில்பசந்த் தட்டோடு ஓசூர்ச் சாலை வழியாகத் திரும்பி வந்திருக்கிறது என்று சொன்னால், அது வெறும் அலங்கார வார்த்தை அன்று. கல்லாவிக் கடையின் பலகையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்.

இன்று அந்தப் பெயரைத் தாங்கிய கடைகள் தமிழ்நாட்டின் நான்கு திசைகளிலும் இருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்கள் பல சாதியினர், பல ஊரினர். ஐயங்கார் என்ற சொல் சாதிப் பெயர் என்ற நிலையை விட்டுவிட்டு, ஒரு பாணியின் பெயராகவே ஆகிவிட்டது. கல்லாவிக் கடையிலும் முட்டை பஃப்ஸ் தாராளமாக விற்பனையாகிறது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் அந்தப் பெயருக்கு ஒரு பிரயோஜனம் இருந்தது. எவர் பிசைந்த மாவோ, எதைப் போட்டுப் புளிக்க வைத்ததோ என்று ஆசாரக்காரர்கள் ரொட்டியைக் கண்டு ஒதுங்கிய காலத்தில், பலகையில் இருந்த பெயர் அவர்களுடைய தயக்கத்தைப் போக்கியது. அந்தத் தயக்கம் போய் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் மட்டும் வாசனைபோலத் தங்கிவிட்டது.

ஆசாரக்காரர்கள் மட்டும்தானா ஒதுங்கினார்கள்? என் பால்யத்தில் எங்கள் வீட்டில் ரொட்டி என்பது காய்ச்சலின் பெயர். உடம்பு நெருப்பாய்ச் சுட்டால், வைத்தியர் வந்து போன பிறகு, அப்பா கடைக்குப் போய் மெழுகுதாளில் சுற்றிய ரொட்டி ஒன்று வாங்கி வருவார்; அதைப் பாலில் தோய்த்து அம்மா ஊட்டுவாள். நன்றாக இருக்கிற உடம்புக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்; நோய் கண்ட உடம்புக்கு ரொட்டியும் பாலும். கேழ்வரகு விளைகிற, கோதுமை விளையாத இந்தப் பிரதேசத்தில் அப்படி ஒரு பாகுபாடு இருந்தது இயற்கையே. அந்தக் காய்ச்சல் பதார்த்தம், ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள், பள்ளி விட்டு வருகிற பிள்ளை தேடி ஓடுகிற தேங்காய் பன்னாகவும், பிறந்தநாள் கேக்காகவும் மாறிவிட்டது. இப்போது அதே பேக்கரிகள் கேழ்வரகு பிஸ்கட்டும் செய்து ஜாடியில் வைத்திருக்கின்றன. எங்கள் ஊர் தானியம் ஐரோப்பிய அடுப்புக்குள் நுழைந்து வெளிவந்திருப்பதைப் பார்க்கையில், அம்மா இருந்து இதைத் தின்று பார்த்திருக்கலாமே என்ற எண்ணம் வருகிறது.

பெங்களூரிலிருந்து கல்லாவி வரையிலான சாலையில், நின்று நின்று ருசிபார்த்து வருகிறவனுக்குப் பல விஷயங்கள் புலப்படும். ஓசூர் கடல்மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். காலைக் குளிரில் அங்கே காப்பிக்குத்தான் முதல் மரியாதை. சிறிய தம்ளரில், நுரை ததும்ப, சூடாகத் தருகிறார்கள். இரண்டு பேர் போய் ஒரு காப்பியைப் பங்கிட்டுக்கொள்ளும் 'பை டூ' என்ற பெங்களூர் வழக்கம் இங்கே கேட்டாலும் கிடைக்கும். சிக்கமகளூர், குடகுக் காப்பி குடித்துப் பழகிய பெங்களூருக்கு இவ்வளவு அருகில் இருக்கிற ஊரில் காப்பி நன்றாக இல்லாவிட்டால்தான் வியப்பு. அந்தக் காப்பிச் செடியே, பதினேழாம் நூற்றாண்டில் மக்காவுக்குப் போன பாபா புதன் என்ற பெரியவர், திரும்புகையில் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றியதால் வந்தது என்பது அந்தப் பக்கத்து ஐதிகம். காப்பி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தபோது எழுந்த கலக்கத்தையும் கவர்ச்சியையும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலைப் படிக்கலாம்.

ஓசூர்ப் பேக்கரிகளில் நான் தவறாமல் வாங்குவது காங்கிரஸ் கடலை. நிலக்கடலையை வறுத்து, தோல் நீக்கி, இரண்டாகப் பிளந்து, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் வறுத்த கறிவேப்பிலையும் சேர்த்துப் புரட்டியது அது. 1969இல் காங்கிரஸ் கட்சி இரண்டாகப் பிளந்ததால் இரண்டாகப் பிளந்த கடலைக்கு இந்தப் பெயர் வந்தது என்று பெங்களூரில் ஒரு கதை சொல்லுவார்கள். தேன் கேக்கைத் தின்றுவிட்டு இந்தக் கடலை நாலு போட்டுக்கொண்டு, அதன்மேல் காப்பியைக் குடித்தால், இனிப்பு, காரம், கசப்பு மூன்றும் ஒன்றையொன்று எழுப்பிவிடுகின்றன. அங்கிருந்து சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு இறங்க இறங்க வெயில் ஏறுகிறது. மேசையில் காப்பி குறைந்து தேநீர் பெருகுகிறது. கண்ணாடிப் பெட்டியில் கிரீம் வைத்த பண்டங்கள் குறைந்து, வெயிலுக்கு அசையாத வறட்டுப் பண்டங்கள் முன்னுக்கு வருகின்றன. மத்தூர் தாண்டிக் கல்லாவிக்குள் வரும்போது, கன்னடமும் தெலுங்கும் காதில் விழுவது குறைந்து தமிழே நிறைந்திருக்கும். ஆனால் தட்டில் தில்பசந்த் மட்டும் மாறாமல் இருக்கிறது.

தேநீரைக் குடித்து முடித்தபோது, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். தயங்காமல் அழைத்துப்போனார் அந்த இளைஞர். அவர்தான் கடையின் மாஸ்டர். பக்கத்துக் கிராமத்துக்காரர், பதினாறு வயதில் பெங்களூருக்குப் போய், ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவுகிற பையனாகச் சேர்ந்து, மாவு பிசையக் கற்று, அடுப்படிக்கு உயர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு ஊர் திரும்பியவர். அவர் தொழில் கற்றது செங்கல்லால் கட்டிய விறகு அடுப்பில். அதன் உள்ளேயே விறகை எரித்து, தணலையும் சாம்பலையும் வெளியே இழுத்துத் தள்ளிவிட்டு, சுவரில் ஏறியிருக்கும் சூட்டைக் கொண்டே வேலை செய்வார்களாம். சூடு மிகுந்திருக்கும்போது முதலில் ரொட்டி. சற்றுத் தணிந்ததும் பன்னும் கேக்கும். மேலும் தணிந்ததும் பிஸ்கட். கடைசியில், இரவெல்லாம் மிச்சச் சூட்டில் கிடந்து காய்வதற்கு ரஸ்க். விற்காமல் மீந்த ரொட்டிகூட வீணாகாமல், துண்டுகளாகி அந்தக் கடைசிச் சூட்டில் ரஸ்க் ஆகிவிடும். பிஸ்கோத்து என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கே இருமுறை சுட்டது என்பதுதான் பொருள். உண்மையில் அந்த இலக்கணத்துக்குப் பொருந்துவது நம்முடைய ரஸ்க்தான். கல்லாவியில் இப்போது இருப்பது மின்சார அடுப்பு. "பட்டனைத் திருப்பினா சூடு வந்துடுது சார். ஆனா அந்த வாசனை வரல" என்றார் மாஸ்டர்.

அன்று மாலைக்கான பஃப்ஸ் மாவு மேசையில் இருந்தது. அதன் வேலை பார்க்கப் பார்க்கச் சலிக்காதது. மைதா மாவைத் தண்ணீர்விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி உறங்கவைத்து, பிறகு நீள்சதுரமாகத் தேய்த்து, அதன்மேல் கட்டியான கொழுப்பைப் பரப்புகிறார்கள். அதைப் புடைவையை மடிப்பதுபோல மூன்றாக மடித்து மறுபடியும் தேய்க்கிறார்கள். ஒரு மடிப்பில் கொழுப்பு 3 அடுக்கு. இரண்டாம் முறை 9. மூன்றாம் முறை 27. நான்காம் முறை 81. ஒவ்வொரு மடிப்புக்கும் இடையில் மாவுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது முரண்டுபிடித்துச் சுருங்கிவிடும். அடுப்பில் வைத்ததும் மாவிலிருக்கும் ஈரம் ஆவியாகி மேலே எழ முயலுகிறது. கொழுப்புப் படலங்கள் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. தப்ப வழியில்லாத ஆவி அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துத் தூக்குகிறது. ஈஸ்ட்டும் சோடா உப்பும் இல்லாமலே பஃப்ஸ் உப்பி எழுகிற ரகசியம் இவ்வளவே. கோடையில் பகல் முழுவதும் இந்த வேலையைச் செய்ய முடியாது. கொழுப்பு உருகி மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு என்பதே இராது. ஆகையால் சித்திரை வைகாசியில் விடியற்காலை மூன்று மணிக்கே மாவைத் தேய்த்து மடித்து முடித்துவிடுவதாகச் சொன்னார். நாம் மாலையில் பேச்சுவாக்கில் கடித்து முடிக்கிற ஒரு பஃப்ஸுக்காக ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்குக் கண்விழிக்கிறார் என்பதை நான் அன்றுவரை அறியவில்லை.

இது மாலையில் சாப்பிட வேண்டிய பதார்த்தம், அதுவும் அடுப்பிலிருந்து வந்த ஒரு மணி நேரத்துக்குள். மறுநாள் அதைச் சூடுபடுத்தித் தருகிறவர்கள் உண்டு. அடுக்குகள் ஈரம் குடித்துத் தோல்போல ஆகிவிட்ட பிறகு எந்தச் சூட்டினாலும் அவற்றுக்கு உயிர் கொடுக்க முடியாது. ஆகவே புதிய ஊரில் இறங்கும் பிரயாணி, இங்கே எது பிரபலம் என்று கேட்பதைவிட, எது எப்போது அடுப்பிலிருந்து இறங்கும் என்று கேட்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். பொதுவாக, காலையில் ரொட்டியும் பன்னும், பிற்பகலில் கேக்கும் தில்பசந்தும், நாலு மணிக்குமேல் பஃப்ஸும் காரா பன்னும். ரஸ்க்குக்கு நேரம் காலம் இல்லை.

ஊருக்கு ஊர் இந்த அடுப்பு தன் குணத்தை மாற்றிக்கொள்வதைத் தொடர்ந்து பார்ப்பது பிரயாணத்தின் பெரிய சுகங்களுள் ஒன்று. உதகமண்டலத்து வர்க்கி, மலைக்குளிரில் பிறந்து, நொறுங்கும் முரட்டு அடுக்குகளோடு தேநீரில் தோய்வதற்கென்றே ஏற்பட்டது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தூத்துக்குடியின் மக்ரூன் அதற்கு நேர் எதிரானது. முட்டையின் வெள்ளைக் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் உலர்த்தும் அந்தப் பண்டம், வாயில் வைத்தால் கரைகிறது. வந்துபோன ஐரோப்பியர் விட்டுச்சென்ற பாகத்தில் பாதாமின் இடத்தை நம் கடற்கரையின் முந்திரி பிடித்துக்கொண்டது. இலங்கையிலோ ரொட்டிக்குப் பாண் என்று போர்த்துக்கேயப் பெயரே நிலைத்துவிட்டது. அங்கே பாணை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வருகிற ஆட்டோ வண்டி, பீத்தோவனின் சங்கீதத்தை ஒலித்துக்கொண்டு வருவதையும், அதைக் கேட்டுப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருவதையும் நான் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். தலைச்சேரியில் 1880இல் பிஸ்கட் தொழிற்சாலை வைத்த மாம்பள்ளி பாபு, 1883இல் ஒரு தோட்டத் துரைக்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்த வரலாறும் சுவையானது. ஆனால் அது கேரளத்துக்காரர்கள் சொல்ல வேண்டிய கதை.

ஒரு வருத்தத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. இதே பிரயாணத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில், கார்கள் வரிசையாக நிற்கும் பெரிய உணவுக்கூடம் ஒன்றில் ஒரு பஃப்ஸ் வாங்கினேன். கல்லாவி விலையைப்போலப் பல மடங்கு கொடுத்தேன். எங்கோ தொலைவில் செய்து, உறையவைத்து, லாரியில் ஏற்றி வந்து, இங்கே சூடுபடுத்தி மட்டும் தருகிற பண்டம் அது. அதை எடுத்துக் கொடுத்த பெண்ணுக்கு, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை; அது அவளுடைய குற்றமும் அல்ல. பசியோடு வந்த மனிதனுக்கும் அவன் உண்ணும் பண்டத்தைச் செய்த கைக்கும் நடுவே இத்தனை தூரம் ஏற்பட்டுவிடுவது நல்லதல்ல என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். நெடுஞ்சாலை அகலமாக அகலமாக, பேருந்துகள் ஊருக்குள் நுழையாமல் புறவழியே போகப் போக, ஊர் நடுவில் இருக்கும் சிறு அடுப்புகள் வழிப்போக்கர்களை இழந்துகொண்டு வருகின்றன. காரில் போகிறவர்கள் பத்து நிமிஷம் செலவழித்து ஊருக்குள் திரும்பினால் போதும்.

கல்லாவி அடுப்பு அணையாமல் இருப்பதற்கு வேறொரு காரணமும் ஏற்பட்டிருக்கிறது. ஓசூரில் சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து வளர்ந்துவந்த தொழில், இப்போது பர்கூருக்கும் போச்சம்பள்ளிக்கும் இறங்கி வந்துவிட்டது. 2021இல் போச்சம்பள்ளிப் பக்கத்தில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் பெரிய ஆலையும் திறந்தது. ஆலை வேலைக்குப் போகிற பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகள் மாலையிலும் விடியலிலும் சாலையோரங்களில் நிற்கின்றன. களைத்து இறங்குகிறவர்களுக்கும், இரவு ஷிப்டுக்கு ஏறுகிறவர்களுக்கும் பேக்கரிதான் முதல் வாசல். பஃப்ஸ் ஒன்று, டீ ஒன்று, வீட்டிலிருக்கும் குழந்தைக்கு ஒரு கிரீம் பன் பார்சல்.

நான் புறப்பட எழுந்தபோது, ஆலையின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஓர் இளம்பெண் அவசரமாக வந்தாள். மகளுக்கு மறுநாள் முதல் பிறந்தநாள். அரைக் கிலோ கேக்கில் பெயர் எழுதித் தர வேண்டும்.

"இங்கிலீஷ்ல எழுதிடலாமாக்கா?" என்றார் மாஸ்டர்.

"வேணாண்ணா. தமிழ்லயே எழுதுங்க. எங்க மாமனாரு படிக்கணும்."

மாஸ்டர் ஒரு காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, சிவப்புக் கிரீமை நிரப்பி, நுனியைக் கத்தரித்துக்கொண்டு குனிந்தார். குழந்தையின் பெயரில் ஒரு ழகரம் இருந்தது. மற்ற எழுத்துக்களைச் சரளமாக இட்டுவந்த கை அங்கே சற்றே நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு, மேலிருந்து இறக்கி, வளைத்து, அடியில் சுழித்து, அந்தச் சுழிப்பின் வாலை வெள்ளைக் கிரீமின் விளிம்புவரை மெதுவாக இழுத்து விட்டார். வெளியே அவள் ஏற வேண்டிய வண்டி ஒலி எழுப்பியது. டீ மாஸ்டர் சாலைப் பக்கம் கையைக் காட்டி, "ரெண்டு நிமிசம் நில்லுப்பா, எழுத்து காயட்டும்" என்று கூவினார்.